ரோபோ வேக்கம் முரண்டு பிடித்தால்: கொங்கு வீடுகளில் எங்கே பார்ப்பது

தானே ஓடித் தரையைக் கூட்டும் ரோபோ வேக்கம் வாங்கி ஒரு வாரம் ஓடுவதற்குள் "இது நம்ம வீட்டுக்கு ஒத்து வராதுங்க" என்று பெட்டியில் போட்டு அட்டாலியில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு அடுக்ககங்களில் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இந்த மெஷினை வைத்துக் கொடுத்துப் பழகியதில் எனக்குப் பட்டது இதுதான்: சர்வீஸுக்குப் போன் போடும் முன்னால் தரையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே காரணம் கிடைத்துவிடும். கையேடு எழுதுகிறவர் மனதில் இருக்கும் வீட்டில் ஜெட் பிளாக் கிரானைட் நிலைப்படி கிடையாது, பவானி ஜமுக்காளம் கிடையாது, பனியன் பிசிறும் கிடையாது. நம் வீட்டில் எல்லாம் உண்டு. அதனால் மெஷின் எப்படி முரண்டு பிடிக்கிறதோ அந்த அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

வைஃபையில் சேரமாட்டேன் என்கிறது

பெரும்பாலான ரோபோக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். இப்போது வீட்டுக்கு வரும் ஃபைபர் ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. போன் 5-இல் உட்கார்ந்திருக்கும், ரோபோ 2.4-ஐத் தேடிக்கொண்டிருக்கும், ஆப் பாதி வட்டம் சுற்றிவிட்டு "இணைக்க முடியவில்லை" என்று நின்றுவிடும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் சரியாகிவிடும். உங்களுக்கு அது பழக்கமில்லை என்றால் நெட் கொடுக்க வருகிறவரிடம், "ஏனுங்ண்ணா, ரெண்டு புள்ளி நாலைய மட்டும் தனிப் பேர்ல பிரிச்சுக் குடுங்க" என்று கேளுங்கள், செய்து கொடுப்பார்.

அதன் பிறகும் சேரவில்லை என்றால் போனைப் பாருங்கள். மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைக்க வேண்டும், லொகேஷனை ஆன் செய்து ஆப்புக்கு அனுமதி கொடுக்க வேண்டும். ரவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த வகைக்கு மாற்றுங்கள். முதல் தடவை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு டாக்கை, அதாவது ரோபோ நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மேடையை, அதன் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

டாக்கில் நிற்கிறது, சார்ஜ் ஏறவில்லை

புது மெஷின் என்றால் முதலில் சார்ஜ் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரித்தீர்களா என்று பாருங்கள். முன்பக்க பம்பரின் இரு ஓரத்திலும் வைத்திருக்கும் ஸ்பாஞ்சுத் துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும். பழைய மெஷின் என்றால் ரோபோவின் அடியிலும் டாக்கிலும் இருக்கும் உலோகத் தகடுகளை உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். துடைப்பான் போட்டு ஓட்டும் வீடுகளில் அதில் ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரு மங்கல் படியும். பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிளக் சொருகும் முன்பே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ வரும்போது கொண்டு வந்த மெஷின் என்றால், டாக்கின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகக் கூடாது. சின்ன டாக்குகளில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. தானே குப்பையை உறிஞ்சிக்கொள்ளும் பெரிய டாக்குகளில்தான் வரும். பிளக்கின் கால் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜைக் குறைக்காது.

வேலையை முடித்துவிட்டு, டாக்கைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது

பெரும்பாலான டாக்குகள் முன்பக்கமாக ஓர் அகச்சிவப்பு சமிக்ஞையை வீசிக்கொண்டிருக்கும். கிட்டே வந்த பிறகு ரோபோ அதைப் பார்த்துத்தான் தன்னை நேர்படுத்திக்கொண்டு உள்ளே ஏறும். அதனால் டாக்கின் இரு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். செருப்பு ஸ்டாண்டுக்கும் தண்ணிக் கேனுக்கும் நடுவில் செருகி வைத்தால் அதனால் வர முடியாது. மேற்குப் பார்த்த பால்கனிக் கதவுக்கு நேரே வைத்தாலும் சாயங்கால வெயில் அந்தச் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். காலையில் ஒழுங்காக ஏறுகிற ரோபோ நாலரை, ஐந்து மணிக்கு மட்டும் தடுமாறினால் வெயில்தான் காரணம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரன்ட் நிறுத்துகிற நாட்களில் வேறொரு குழப்பம் வரும். ரவுட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும், ரோபோ தன் பேட்டரியில் ஓடும், டாக் மட்டும் அணைந்து கிடக்கும். சமிக்ஞை இல்லாததால் மெஷின் டாக்குக்கு முன்னாலேயே நின்று தேடித் தேடிப் பேட்டரியைத் தீர்த்துவிடும். சாதாரண டாக் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும், அதை யுபிஎஸ் லைனில் இருக்கும் பிளக்குக்கு மாற்றிவிடுங்கள். குப்பை உறிஞ்சும் டாக்கை மட்டும் மாற்றாதீர்கள். அதன் மோட்டார் சில வினாடிகளே ஓடினாலும் நிறைய வாட் இழுக்கும், சின்ன யுபிஎஸ் தாங்காது.

நேற்று வரை நன்றாக வந்தது, இன்றைக்குத்தான் தேடுகிறது என்றால் டாக் இடம் மாறியிருக்கும். வீடு துடைக்க வரும் அக்கா டாக்கைத் தூக்கி ஓரமாக வைத்துத் துடைத்துவிட்டு, ஓரடி தள்ளி வைத்திருப்பார். அவர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார், நாம்தான் சொல்லவில்லை. டாக் நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் கலர் டேப் ஒட்டிவிட்டு, "அக்கா, தூக்கித் தாராளமாத் தொடைங்க, திருப்பி வைக்கறப்ப இந்தக் கோட்டுக்குள்ளயே வெச்சிருங்க, இது அதைய வெச்சுத்தான் வீட்டையே அளக்குது" என்று ஒரு தடவை விளக்கிச் சொன்னால் போதும். ஏன் என்று தெரிந்துவிட்டால் நம்மைவிட அவர் கவனமாகப் பார்த்துக்கொள்வார்.

ஓர் அறைக்குள் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது

இதுதான் நம் பக்கத்து வீடுகளில் அதிகம் வருகிற புகார். அவ்வளவு பேரும் மெஷின் மேல்தான் பழி போடுகிறார்கள். ஹாலைக் கூட்டும், சமையலறையைக் கூட்டும், படுக்கையறை வாசலுக்கு வந்ததும் நின்று, ஓர் அடி பின்வாங்கி, திரும்பிப் போய்விடும். ஆப்பில் அந்த அறையைத் தொட்டு அனுப்பினாலும் வாசல் வரை வந்து "போக வழியில்லை" என்று சொல்லும்.

வாசலில் குனிந்து பாருங்கள். இரண்டு அறையின் டைல்ஸும் சந்திக்கிற இடத்தில் நாலு விரல், ஆறு விரல் அகலத்துக்குக் கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருப்பார்கள். ரோபோவின் அடிப்பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கண்கள் உண்டு, மாடலைப் பொறுத்து நான்கோ ஆறோ இருக்கும். அவை தரையை நோக்கி அகச்சிவப்பு ஒளியை விட்டு, அது திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் படிக்கட்டு என்பது அதன் கணக்கு. பாலிஷ் போட்ட கறுப்புக் கல் அந்த ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், மிச்சத்தை வேறு பக்கம் தெறிக்கவிடும். நமக்குச் சமதரையாகத் தெரிகிற இடம் அதற்குப் பள்ளம்.

உறுதிப்படுத்த ஒரு செய்தித்தாள் போதும். பட்டை முழுவதும் மறைகிற மாதிரி விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு அந்த அறைக்கு அனுப்புங்கள். தயக்கமில்லாமல் தாண்டிப் போனால் கிரானைட்தான் காரணம். நிரந்தரமாகச் சரி செய்ய, தரை நிறத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் வெளிர் நிற வினைல் ஸ்டிக்கர் ஒட்டலாம். பளபளப்பில்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். பட்டை முழுவதும் ஒட்ட மனமில்லை என்றால் ரோபோ தாண்டுகிற அகலத்துக்கு, ஓர் ஒன்றரை அடிக்கு ஒட்டினாலும் நடக்கும்.

சிலர் சுருக்குவழியாக ரோபோவின் கண்கள் மேலேயே வெள்ளை டேப்பை ஒட்டச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். டூப்ளெக்ஸ் வீடாக இருந்தாலோ, பால்கனியோ பாத்ரூமோ ஒரு படி இறங்கியிருந்தாலோ மெஷின் கண்ணைக் கட்டிக்கொண்டு விழும். தரையில்தான் ஒட்ட வேண்டும்.

செய்தித்தாள் போட்டும் தாண்டவில்லை என்றால் அளந்து பாருங்கள். பெரும்பாலான ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். பூஜையறை நிலைப்படியும் பால்கனி ஸ்லைடிங் கதவின் தண்டவாளமும் பல வீடுகளில் அதைத் தாண்டிவிடும். தச்சரிடம் சொன்னால் இரண்டு பக்கமும் சரிவாக ஒரு கட்டை சீவிக் கொடுப்பார்.

வெளிர் நிறத் தரையிலும், நட்ட நடு ஹாலிலும் "பள்ளம்" என்று நின்றால் அது வேறு சங்கதி. அந்தக் கண்கள் மேல் கோலமாவு படிந்திருக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் ஓடும்.

மேப் கோணலாகிறது, இல்லாத அறை முளைக்கிறது

மெஷின் தலையில் சுழலும் லேசர் உள்ள மாடல்களில், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் வீட்டை வரைகிறது. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவோ வார்ட்ரோபோ தரை வரை இருந்தால், கண்ணாடிக்குள் தெரிகிற அறையை நிஜம் என்று நம்பிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை போட்டுவிடும். முதல் மேப் போடும்போது மட்டும் கண்ணாடியின் கீழ்ப்பகுதியை ஒரு துண்டாலோ அட்டையாலோ மறைத்து வையுங்கள். லேசர் தரையிலிருந்து ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயரத்தில்தான் ஓடுகிறது, அதனால் ஒரு சாண் மறைத்தாலே போதும். பிறகும் அந்தப் போலி அறை வந்தால் ஆப்பில் அந்த இடத்தில் தடைக்கோடு போட்டுவிடலாம்.

முதல் மேப்பின்போது எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள், டாக்கிலிருந்தே கிளப்புங்கள், இடையில் கையால் தூக்காதீர்கள். தூக்கி வேறு இடத்தில் வைத்தால் சில நேரம் அதற்குத் திசை தெரியாமல் போய்விடும். ஹால் சரியாக இருந்து ஓர் அறை மட்டும் சாய்ந்து வந்தால் முன்சக்கரத்தைப் பிடுங்கிப் பாருங்கள், கையாலேயே வந்துவிடும். அச்சில் முடி சுற்றி இறுகியிருந்தால் சக்கரம் உருளாமல் வழுக்கும், கணக்குத் தவறும்.

பாதியில் சிக்கி நின்று கூப்பிடுகிறது

தினமும் ஒரே இடத்தில் சிக்கினால் நல்லது, அந்த இடத்தில் தடை போட்டுவிட்டு மறந்துவிடலாம். லேசர் மூடியோடு சேர்த்து இதன் உயரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பீரோ கால் அதற்கு ஒரு நூல்தான் கூடுதல் என்றால், உள்ளே போய் மூடி மாட்டிக்கொண்டு நிற்கும். துணி காயப்போடும் ஸ்டாண்டின் தட்டையான கால், பெடஸ்டல் ஃபேனின் அடித்தட்டு இரண்டும் இன்னும் மோசம். மெதுவாக மேலே ஏறிவிடும், சக்கரம் அந்தரத்தில் சுற்றும். லேசருக்குக் கீழே இருக்கும் தடை பெரும்பாலும் பம்பர் மோதினால்தான் அதற்குத் தெரியும், தட்டையான கால் பம்பருக்குக் கீழேயே போய்விடுகிறது.

பவானி ஜமுக்காளம் விரித்த ஹாலில் ஓரத்துக் குஞ்சம்தான் எதிரி. பிரஷ் அதை இழுத்துக்கொண்டே போய் முறுக்கிவிடும். நல்ல ஜமுக்காளம் பல வருஷம் உழைக்கிற பொருள், அதன் ஓரத்தை இதற்குத் தின்னக் கொடுக்காதீர்கள். கூட்டுகிற நேரத்துக்குச் சுருட்டி வைத்துவிடுங்கள், முடியாவிட்டால் குஞ்சத்தை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். சென்னிமலைப் போர்வை கட்டிலிலிருந்து தரையைத் தொட்டுத் தொங்கினாலும் இதே கதைதான்.

பாத்ரூமுக்குக் கண்டிப்பாகத் தடை போடுங்கள். ஓர் அங்குலம் மட்டும் இறங்கிய தரையைப் பள்ளம் என்று சில மெஷின்கள் கண்டுகொள்ளாது. இறங்கிவிடும், திரும்ப ஏறாது, ஈரத்தில் கிடக்கும். கிரைண்டர் வைத்திருக்கும் மூலையையும் மாவாட்டுகிற நாளில் ஒதுக்கிவிடுங்கள். சிந்திய மாவை ரோபோ இழுத்தால் பிரஷிலும் குழாயிலும் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும்.

தரையில் குத்துவிளக்கு எரிகிற நேரத்தில் இதை ஓட்டவே கூடாது. கார்த்திகைக்கு வீடெங்கும் அகல் வைக்கிற நாட்களில் டைமரையே அணைத்துவிடுங்கள். தடைக்கோடு இருக்கிறதே என்று நம்பி விடாதீர்கள், மேப் ஓர் அடி நகர்ந்தாலே கோடும் நகர்ந்துவிடும். அமுச்சியோ அப்பாரோ (பாட்டி, தாத்தா) நடமாடும் வீட்டில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள், காலடியில் வந்து நின்றால் தடுக்கிவிடும்.

ஓடுகிறது, ஆனால் குப்பை அப்படியே கிடக்கிறது

குப்பை டப்பாவைக் காலி செய்த பிறகும் இழுவை குறைவாக இருந்தால் மெயின் பிரஷைக் கழற்ற வேண்டும். கம்பிப் பூட்டைத் தூக்கினால் பிரஷ் கையோடு வரும். மேலே சுற்றியிருக்கும் முடியை எல்லோரும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நிஜமான அடைப்பு இரு முனையிலும் இருக்கும். முனைத் தொப்பியைத் திருகியோ இழுத்தோ கழற்றுங்கள், உள்ளே அச்சைச் சுற்றி முடியும் நூலும் வாஷர் மாதிரி வட்டமாக இறுகியிருக்கும். நகத்தால் கிளப்ப வராது. சின்னக் கத்திரியின் ஒரு நுனியை உள்ளே விட்டு ஒரு பக்கம் வெட்டினால் முழு வளையமாகக் கழன்று வரும். அதை விட்டுவைத்தால் உரசிச் சூடேறி முனைப் பிளாஸ்டிக்கே இளகிப்போகும், பிறகு பிரஷ் மாற்ற வேண்டியதுதான்.

திருப்பூர்ப் பக்கம் வீட்டிலேயே பனியன் பிசிறு வெட்டுகிறவர்கள் இதை வாரத்துக்கு இரண்டு முறை செய்தாக வேண்டும். மல்லிகைப்பூ கட்டிய நாரும் நூலும் எந்த ஊர் வீட்டிலும் விழும். முள் பிரஷுக்குப் பதிலாக ரப்பர் பிரஷ் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் மாற்றிவிடுங்கள், நூல் சுற்றுவது நன்றாகவே குறையும்.

பிரஷ் சுத்தமாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் ஃபில்டர். கோலமாவும் கல்மாவும் அதன் மடிப்புகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும். மார்கழியில் வாசல் கோலம் பெரிதாக இருக்கும், காலோடு வீட்டுக்குள் வரும், அந்த மாதம் ஃபில்டரை அடிக்கடி தட்டுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவையிலும் பொள்ளாச்சியிலும் ஜன்னல் விளிம்பு வரை மண்ணைக் கொண்டு வந்து போடும். அப்போது இரண்டு நாளைக்கு ஒரு முறை தட்டினால்தான் மெஷின் மூச்சு விடும். பொங்கலுக்குக் காப்புக் கட்டிய பூளைப்பூ காய்ந்து உதிர்ந்தால் பஞ்சு பஞ்சாகப் பறந்து, டப்பாவின் வாய்க்குப் பின்னால் திரை மாதிரி படியும். அதைக் கையாலேயே உரித்து எடுத்துவிடலாம்.

ஃபில்டரைக் கழுவலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே கழுவுங்கள். கழுவலாம் என்று இருந்தால் வெறும் தண்ணீர் மட்டும், பிறகு ஒரு முழு நாள் நிழலில் காய வேண்டும். ஈரத்தோடு போட்டால் தூசி சேறாகிப் பிடித்துக்கொள்ளும், மோட்டாருக்கும் கெடுதல்.

டப்பாவைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கும் முன்னால் பழைய செய்தித்தாளில் கொட்டிக் கிளறிப் பாருங்கள். கம்மலின் திருகாணியும் கொலுசு மணியும் இதற்குள்தான் வந்து சேரும்.

கடகட, விசில் சத்தம்

கடகடவென்றால் சைடு பிரஷில் கல்லோ கடுகோ சிக்கியிருக்கும், ஒரு திருகைக் கழற்றினால் வந்துவிடும். விசில் மாதிரி வந்தால் டப்பாவோ ஃபில்டரோ சரியாக அமரவில்லை, எடுத்து மறுபடி அழுத்திப் போடுங்கள்.

துடைத்த தரையில் கோடு கோடாகத் தெரிகிறது, தண்ணீரே வரவில்லை

கோடு விழுந்தால் துணி அழுக்கு. காலையில் ஹாலைத் துடைத்த அதே துணியோடு மாலையில் சமையலறைக்கு அனுப்பினால் எண்ணெய்தான் பரவும். தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியில் என்ன ஊற்றினீர்கள் என்று பாருங்கள். போர் தண்ணியில் இருக்கும் உப்பு அதன் மெல்லிய துவாரங்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணியோ அத்திக்கடவுத் தண்ணியோ வருகிற வீடு என்றால் அதையே ஊற்றுங்கள், போர் மட்டும் என்றால் வடிகட்டிய தண்ணீர். துடைத்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து வைத்தாலே பாதி அடைப்பு வராது. ஃபினாயில் ஊற்றாதீர்கள், ரப்பர் குழாயையும் சீலையும் கெடுத்துவிடும். வாசனை வேண்டும் என்றால் ரோபோ முடித்த பிறகு தனியாக ஒரு துடைப்பு துடைத்துக்கொள்ளலாம்.

டப்பாவில் எறும்பு, நாற்றம்

சாப்பாட்டு மேசையடியைக் கூட்டிய அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். முறுக்குத் தூளும் சர்க்கரையும் ஒரு ராத்திரி உள்ளே இருந்தால் டாக் வரை எறும்பு வரிசை கட்டும். எறும்பு மருந்தை மெஷினுக்குள் அடிக்காதீர்கள். டப்பாவைக் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும்.

சர்வீஸுக்கே கொண்டுபோக வேண்டியவை

பேட்டரி உப்பியோ அடிப்பக்கம் கைவைக்க முடியாத சூடோ இருந்தால் உடனே அணைத்து, டாக்கிலிருந்து எடுத்து, திரும்பச் சார்ஜ் போடாமல் கொடுத்துவிடுங்கள். லேசர் மூடி சுழலவில்லை, துடைத்தும் பம்பர் உள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது, பிரஷை முழுதாக எடுத்துவிட்டாலும் பிரஷ் கோளாறு என்றே சொல்கிறது என்றால் அவையும் வீட்டில் தீராது. கொண்டுபோகும்போது டாக்கையும் அதன் ஒயரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். சார்ஜ் கோளாறில் பாதி டாக்கில்தான் இருக்கும், மெஷினை மட்டும் நீட்டினால் அங்கே "நல்லாத்தான் ஓடுதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.